கல்வழி மின்னியல்: ஒரு காண்டிகையுரை

ஆறுமுக நாவலர் பிறந்து, நன்னூலுக்குக் காண்டிகையுரையும் செய்த யாழ்ப்பாணக் குடாநாட்டில், காலடியிலுள்ள சுண்ணாம்புக்கல்லுக்கு மட்டும் இலக்கணம் இல்லாதிருப்பது பெருங்குறை. ஆதலின் முதற் சூத்திரம்:

கல்வழிச் செல்லாது மின்னே, கல்லின்
துளைவழி நின்ற நீர்வழிச் செல்லும்.

என்பது, காய்ந்த கல் மின்னுக்கு வழிவிடாது. அதன் துளைகளில் நிற்கும் தண்ணியே விடும் என்றவாறு. ஷெல் எண்ணெய்க் கம்பனியைச் சேர்ந்த ஆர்ச்சி 1942இல் இதைக் கணக்காக்கினார். கல்லில் துளை எத்தனை பங்கோ அதை ஓர் அடுக்குக்கு உயர்த்தி, தண்ணியின் மின்தடையை அதனால் வகுத்தால் கல்லின் மின்தடை வரும். இறுகிய மணற்கல்லுக்கு அடுக்கு ஏறக்குறைய 2. துளை ஐந்திலொரு பங்கென்றால், கல்லின் தடை தண்ணியினதைப் போல் 25 மடங்கு.

மணற்கல்லுக்குச் சரி. நம்முடைய மயோசீன் காலத்துக் கல் மூவகைப்படும். வெடிப்புக் கல்லில் மின் நேரே ஓடும். அடுக்கு 1ஐ நெருங்கும். குழிக்கல், வீடுகள் நிறைய இருந்தும் ஒழுங்கை இல்லாத ஊர். அடுக்கு 2ஐத் தாண்டும். மூன்றாவது குகைக்கல். புத்தூர் நிலாவரைக் கிணறு இவ்வகை. அங்கே கல்லே இல்லாததால் உரையும் இல்லை.

இனித் தண்ணி: நல்லது, சவர், உப்பு. நிலத்தடியில் நல்ல தண்ணி கடல்நீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடி. அந்த எல்லையைத் தேடித்தான் வெங்காயத் தோட்டத்தில் நான்கு இரும்புக் கோல்களை வரிசையாக அடித்து மின்செலுத்தி, நிலத்தின் தடையை அளக்கிறார்கள். காய்ந்த செம்மண்ணில் மின் இறங்காவிட்டால் கோலடியில் உப்புத்தண்ணி ஊற்றுவதும் உண்டு. தேடி வந்ததோ நல்ல தண்ணி!

அளவுகருவி 5 ஓம் மீற்றர் காட்டினால் வழக்கே இல்லை, அநேகமாகக் கடல். 100 என்றால்தான் வில்லங்கம். ஒரு வழி: தண்ணி 15 ஓம் மீற்றர், அதாவது நல்லது. துளை ஐந்திலொரு பங்கு. கல் வெடிப்புக் கல், அடுக்கு 1.2. விடை ஏறக்குறைய 100. இன்னொரு வழி: தண்ணி வெறும் 4, அதாவது சவர், துளை அதே அளவு, அடுக்கு 2. அதற்கும் விடை 100. இலக்கணத்தார் பலபொருளொருசொல் என்பது இத்தகையதே.

இம்மயக்கம் தீர, பக்கத்து வளவுக் கிணற்றில் வாளியை இறக்கித் தண்ணியை அளந்துகொள்க. வாயில் வைத்துப் பார்ப்பினும் இழுக்கில்லை. ஆர்ச்சியும் இதற்கு மறுப்புச் சொல்லார். அவர் கணக்கே தண்ணியின் தடையைத்தான் முதலில் கேட்கிறது.