கலப்பு ஒயின் மட்டமா?

கேள்வி: ரீஸ்லிங், ஸ்பேட்பர்குண்டர் என்று ஒரே வகைத் திராட்சையில் ஒயின் செய்யும் பெர்க்ஸ்ட்ராசே பக்கம் இது. பிரான்சின் ரோன் பாணிச் சிவப்பு ஒயினில் பல திராட்சைகளைக் கலப்பது குறையை மறைக்கத்தானே? (வாசகர், டார்ம்ஸ்டாட்)

பதில்: மறைக்க அல்ல, நிரப்ப! கிரெனாஷ் திராட்சை பழச்சுவையையும் ஆல்கஹாலையும் அள்ளித் தரும், நிறத்தில் கஞ்சம். அந்த நிறத்தைச் சிரா தருகிறது, துவர்ப்பை மூர்வேத்ர். சிராவில் மிளகு மணக்கிறது என்பது வெறும் வர்ணனையல்ல. நம் மிளகிலுள்ள ரோட்டண்டோன் என்ற அதே மணப்பொருள்தான் அது என்று 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்த மணம் எட்டுவதே இல்லை என்றும் சொன்னார்கள். ஆகவே மிளகு தெரியாவிட்டால் ஒயினைத் திட்ட வேண்டாம், மூக்கையும் நோக வேண்டாம். கலந்தால் மண்ணின் அடையாளம் போய்விடாதா? பல திராட்சைகளைக் கலக்க விதியே இடம்தரும் ரோன் ஒயினான ஷத்தோநெஃப்-து-பாப், ஊர்ப்பெயரால்தான் உலகப் புகழ் பெற்றது. ஒன்று மட்டும்: 16 முதல் 18 டிகிரி செல்சியஸில் ஊற்றுங்கள், சூடேறினால் ஆல்கஹால் நெடி மற்ற மணங்களை அமுக்கிவிடும்.