தேதிக்கு முந்திய அட்டை

கேள்வி: சேகரிப்பு அட்டைகளை வெளியீட்டுத் தேதிக்கு முன்பே வாங்கி, லாபத்துக்கு விற்றால் அமெரிக்காவில் போலீஸ் பிடிக்குமா?

பதில்: போலீஸ் இருக்கட்டும், துப்பறிவாளரே வருவார்! 2023 ஏப்ரலில் 'மேஜிக்: தி கேதரிங்' அட்டைகளை முன்கூட்டியே பிரித்து வீடியோ போட்ட யூடியூபர் வீட்டுக் கதவை பிங்கர்டன் துப்பறியும் நிறுவன ஆட்கள் தட்டி, அட்டைகளை வாங்கிப்போனார்கள். (ஒரு காலத்தில் ரயில் கொள்ளையரைத் துரத்திய கம்பெனி, இப்போது சீட்டுக்கட்டு!)

தேதிக் கட்டுப்பாடு என்பது அட்டை வெளியிடும் கம்பெனிக்கும் விற்பனையாளருக்கும் இடையிலான ஒப்பந்தம். நேர்மையாகக் காசு கொடுத்து வாங்கியவரைப் பொதுவாக அது கட்டாது. 'முதல் விற்பனை' விதிப்படி, விற்ற பிரதியின் மறுவிற்பனையைப் பதிப்புரிமைக்காரர் தடுக்க முடியாது. ஆனால் சரக்கு கிடங்கில் திருடியது என்றால், தெரியாமல் வாங்கினாலும் உங்களுடையதாகாது. தெரிந்தே வாங்கினால் குற்றம். அட்டையைவிட ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.