ஸ்டெப்னி இன்டர்நெட் அமைப்பது எப்படி?

கம்பெனிக்காரர் மாட்டிவிட்டுப் போன பெட்டியில் ஃபைபர் நெட் ஒழுங்காக ஓடுகிறது, அது போதும் என்று இருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அவர்களுக்கு இரவில் நல்ல தூக்கம் வருகிறது, அதைக் கெடுப்பானேன்? இந்த வழிகாட்டி மற்றவர்களுக்கு. அதாவது, அந்தப் பெட்டிக்குப் பின்னால் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வைத்து, லினக்ஸ் ஏற்றி, அதையே ரவுட்டராக்கி, "இனிமே நம்ம வீட்டு நெட் நம்ம கண்ட்ரோல்" என்று குடும்பத்தாரிடம் அறிவித்துவிட்டவர்களுக்கு. அறிவித்த நிமிடத்திலிருந்து, மழைநீர் வடிகாலுக்காகச் சென்னையில் எந்தத் தெருவில் பள்ளம் தோண்டினாலும் பழி அவர் தலையில்தான். "நீ அந்தப் பெட்டியத் தொடாம இருந்திருந்தா நெட் போயிருக்குமா?" என்று அம்மா கேட்பார். ஜேசிபிக்கும் உங்கள் ஃபயர்வாலுக்கும் சம்பந்தமில்லை என்று எந்தக் கோர்ட்டிலும் நிரூபிக்க முடியாது.

ஆகவே ஒரு ஸ்டெப்னி வேண்டும். யூஎஸ்பியில் செருகும் 4ஜி டாங்கிள் ஒன்று, அதற்குள் ஒரு சிம். ஃபைபர் போனால் லினக்ஸ் தானாக டாங்கிளுக்கு மாற வேண்டும். ஃபைபர் வந்தால் தானாகத் திரும்ப வேண்டும். நடுவில் மாமியாரின் சீரியல் நிற்கக் கூடாது. முதல் நாளே இந்த மூன்றும் நடந்தது என்று சொல்பவரிடம் கடன் கொடுக்காதீர்கள்.

முதலில் டாங்கிள். ரிச்சி தெருவில் தேடினால் ஹுவாவே இ3372 போன்ற ஏதாவது கிடைக்கும். ஒரே பெயரில் இதற்கு இரண்டு பிறவி. ஸ்டிக் என்பது வெறும் மோடம். டயல் செய்யும் வேலை உங்களுடையது. ஹைலிங்க் என்பது தானே டயல் செய்துகொண்டு, கம்ப்யூட்டரிடம் தன்னை ஒரு நெட்வொர்க் கார்டு என்று அறிமுகப்படுத்திக்கொள்ளும். இது எந்த வகை என்று கடையில் கேளுங்கள். "ஃபோர்ஜி சார், எல்லா சிம்மும் எடுக்கும்" என்று பதில் வரும். மேற்கொண்டு கேட்டால் அடுத்த வாடிக்கையாளரைப் பார்க்கப் போய்விடுவார்.

வீட்டுக்கு வந்து செருகியதும் லினக்ஸின் கண்ணுக்கு மோடம் தெரியாது. ஒரு சிடி டிரைவ் தெரியும். பதற வேண்டாம். விண்டோஸ் டிரைவரைத் தனி சிடியில் போட்டுத் தராமல் டாங்கிளுக்குள்ளேயே அடைத்துவிட்டார்கள். அதனால் டாங்கிள் முதலில் சிடியாக வேடம் போட்டு வரும். டிரைவர் ஏறிய பிறகுதான் வேடத்தைக் கலைத்து மோடமாகும். லினக்ஸுக்கு அந்த டிரைவர் தேவையே இல்லை, ஆனால் வேடத்தைக் கலைக்க ஆள் வேண்டுமே! அதற்குத்தான் யூஎஸ்பி மோட்சுவிட்ச் என்ற நிரல். அது ஒரு ரகசியச் செய்தியை அனுப்பியதும் சிடி டிரைவ் மறைந்து, வேறு அடையாள எண்ணோடு மோடம் தோன்றும். இந்த நிரல் நெட்டிலிருந்து இறக்க வேண்டியது. ஃபைபர் உயிரோடு இருக்கும்போதே இறக்கி வைப்பது புத்திசாலித்தனம். ஃபைபர் அறுந்த அன்று மாலையில் ஆரம்பிப்பதே மரபு.

ஸ்டிக் வகை வாய்த்தவர்கள் 'ஏடி' கட்டளைகளைக் கற்க வேண்டியிருக்கும். 1981-இல் ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடம் தொடங்கிவைத்த அதே பேச்சைத்தான் இன்றைய 4ஜி மோடமும் பேசுகிறது. பழைய வழியில் போனால் நட்சத்திரம், 99, ஹாஷ் என்ற எண்ணுக்கு டயல் செய்ய வேண்டும். மறுமுனையில் மனிதர் யாரும் எடுக்க மாட்டார். கையால் டயல் செய்யப் பிடிக்காதவர்களுக்கு மோடம்மேனேஜர் இருக்கிறது. நல்ல பிள்ளைதான். ஆனால் கண்ணில் படும் சீரியல் போர்ட்டிலெல்லாம் (இது மாமியாரின் சீரியல் அல்ல) ஏடி கட்டளையை அனுப்பி "நீ மோடமா?" என்று விசாரிக்கும் பழக்கம் அதற்கு உண்டு. அதே கம்ப்யூட்டரில் ஆர்டுயினோ செருகியிருந்தவர்கள் இதைப் பற்றிச் சொன்ன வார்த்தைகள் குடும்பப் பத்திரிகைக்கு ஆகாது. கடைசியாக ஏபிஎன் என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும். ஜியோவுக்கு ஜியோநெட், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட், ஏர்டெல்லுக்கு ஏர்டெல்ஜிபிஆர்எஸ் டாட் காம். ஜிபிஆர்எஸ் போய் 3ஜி வந்து, அதுவும் போய் 5ஜி வந்துவிட்டது. அந்தப் பெயரை மாற்ற மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை.

ஹைலிங்க் வாங்கியவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது, வேறு தலைவலி. டாங்கிளே 192.168.8.1 என்ற முகவரியில் ஒரு குட்டி ரவுட்டராக உட்கார்ந்துகொள்ளும். உங்கள் வீட்டு நெட்வொர்க்கும் அதே வரிசையில் இருந்தால் இரண்டும் மோதும். அது போகட்டும், முகவரியை மாற்றி எழுதும் 'நாட்' (NAT) உங்கள் லினக்ஸில் ஒன்று, டாங்கிளில் ஒன்று, கைபேசி நிறுவனத்தில் ஒன்று என்று மூன்று அடுக்காகிவிடும். உள்ளேயிருந்து வெளியே போகலாம். வெளியேயிருந்து உள்ளே வர வழியில்லை. ஊருக்குப் போயிருக்கும்போது போர்ட் திறந்து வீட்டு சிசிடிவியைப் பார்க்கலாம் என்ற ஆசையை டாங்கிள் ஓடும் நேரத்தில் விட்டுவிடுங்கள்.

சிக்னல் பற்றி ஒரே வரி: பீரோவுக்குப் பின்னால் வைக்காதீர்கள், ஐந்து மீட்டருக்குள் யூஎஸ்பி ஒயர் போட்டு ஜன்னலோரம் வையுங்கள்.

இப்போது லினக்ஸிடம் வெளியே போக இரண்டு பாதைகள். எதை முதலில் எடுப்பது என்பதை மெட்ரிக் என்ற எண் தீர்மானிக்கும்; சின்ன எண்ணுக்கே முன்னுரிமை. நெட்வொர்க்மேனேஜர் இருந்தால் ஒயருக்கு 100, வைஃபைக்கு 600, மொபைல் மோடத்துக்கு 700 என்று அதுவே போட்டுவிடும். ஹைலிங்க் தன்னை ஒயர் என்று சொல்லிக்கொள்வதால் அதற்கும் நூறாம் வரிசையில் இடம் கிடைத்து, ஃபைபர் நன்றாக இருக்கும்போதே சிம் டேட்டா கரையலாம். அதை மட்டும் கையால் 700 ஆக்கிவிட்டு, வேலை முடிந்தது என்று காலை நீட்டிப் படுங்கள்.

மறுநாள் ஃபைபர் அறுகிறது. டாங்கிள் வேலை செய்யவில்லை.

காரணம் எளிது. அறுந்தது இரண்டு தெரு தள்ளி. உங்கள் லினக்ஸுக்கும் கம்பெனிப் பெட்டிக்கும் நடுவே இருக்கும் ஒன்றரை அடி ஒயருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதில் பச்சை விளக்கு சிமிட்டுகிறது. லினக்ஸ் அந்த ஒயரை மட்டும் பார்த்துவிட்டு, எல்லாம் நலம் என்று பாக்கெட்டுகளை அந்த வழியே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. பெட்டியில் 'லாஸ்' விளக்கு சிவப்பாக எரிவது வீட்டில் மூன்று வயதுக் குழந்தைக்குக்கூடத் தெரியும், லினக்ஸுக்குத் தெரியாது. (பிபிபிஓஇ லாகினை லினக்ஸிலேயே வைத்திருப்பவர்கள் தப்பித்தார்கள்; அவர்களுக்குச் சற்று நேரத்தில் தெரிந்துவிடும்.)

ஆகவே யாரையாவது பிங் செய்து, உயிர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கம்பெனிப் பெட்டியையே பிங் செய்தால் அது எப்போதும் பதில் சொல்லும், அதற்கென்ன வந்தது? 8.8.8.8, 1.1.1.1 என்று வெளியே இரண்டு பேரைக் கேளுங்கள். ஓபன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் லினக்ஸில் எம்வான்3 என்ற தொகுப்பு இந்த வேலையை ஒழுங்காகச் செய்யும். அதைப் போட்டுவிடாதீர்கள். சொந்தமாக இருபது வரி ஷெல் ஸ்கிரிப்ட் எழுதும் சுகம் அதில் வராது.

ஸ்கிரிப்ட் எழுதியாயிற்று. ஃபைபர் போகிறது, பிங் தோற்கிறது, ஸ்கிரிப்ட் டாங்கிளுக்கு மாற்றுகிறது. வீடே கைதட்டுகிறது. அடுத்த நிமிடம் ஸ்கிரிப்ட் மறுபடி பிங் செய்கிறது. இந்த முறை அந்த பிங் டாங்கிள் வழியாகவே போய்ப் பதிலோடு வருகிறது. "ஆஹா, ஃபைபர் வந்துவிட்டது" என்று ஸ்கிரிப்ட் ஃபைபருக்குத் திரும்புகிறது. அங்கே ஒன்றும் இல்லை, மறுபடி டாங்கிள். இப்படி நிமிடத்துக்கு ஒருமுறை நெட் வந்து வந்து போகும். "மாப்ள, முன்னாடி ஒரேயடியாப் போச்சு, இப்ப தவணை முறையில போகுது" என்று மாமனார் சொல்வார். ஃபைபரைச் சோதிக்கும் பிங் ஃபைபர் வழியாகத்தான் போக வேண்டும் என்று அதைக் கட்டிப்போட வேண்டும். மூன்று முறை தொடர்ந்து பதில் வராவிட்டால்தான் மாறுவது, திரும்பும்போது இன்னும் நிதானம் காட்டுவது என்றும் வைக்க வேண்டும். எம்வான்3 இதையெல்லாம் முன்பே யோசித்து வைத்திருக்கிறது என்பதை இந்த இடத்தில் யாரும் உங்களுக்கு நினைவூட்டக் கூடாது.

மாறுதல் சரியாக நடந்த பிறகும் பக்கங்கள் திறக்காமல் இருக்கலாம். ஃபைபர் நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வரையே நம்பியிருந்தீர்கள் என்றால், அது வேறு நிறுவனத்தின் வழியாக வரும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கக்கூடும். பிங் போகும், பெயர் தேறாது. டிஎன்எஸ்ஸைப் பொதுவான ஒன்றுக்கு மாற்றுங்கள். பெயர் தேறிய பிறகும் ஆபீஸின் வயர்கார்ட் விபிஎன் நின்றுபோகக்கூடும். பழைய இணைப்புகளின் கணக்கை லினக்ஸ் கான்ட்ராக் என்ற பேரேட்டில் வைத்திருக்கிறது. ஒயர் விழாததால் அந்தப் பேரேடு அழியவில்லை. பாக்கெட்டுகள் டாங்கிள் வழியே, ஃபைபர் முகவரியை எழுதிக்கொண்டு கிளம்பக்கூடும். போன கடிதத்துக்குப் பதில் வராது. மாறும் போதெல்லாம் பேரேட்டைத் துடைத்துவிடும்படி ஸ்கிரிப்டில் ஒரு வரி சேருங்கள். இப்போது அது அறுபது வரி ஆகியிருக்கும்.

எல்லாம் ஓடுகிறதா? இனி காசு. ஃபைபர் போனது வீட்டில் யாருக்கும் தெரியாது; அதுதானே உங்கள் சாதனை. தெரியாததால் ஹாலில் டிவி 4கே படத்தைத் தொடரும். நெட்ஃபிளிக்ஸ் கணக்குப்படியே 4கே மணிக்கு 7 ஜிபி வரை எடுக்கும். நாளைக்கு 2 ஜிபி பிளான் என்றால் பதினேழு நிமிடத்தில் தீர்ந்து, 64 கேபிபிஎஸ்ஸில் நகரும். ஆகவே டாங்கிள் ஓடும்போது டிவியைத் தடுக்க ஒரு ஃபயர்வால் விதி போடுங்கள். போட்டது நீங்கள்தான் என்று சொல்லாதீர்கள்.

ஒன்றுமே செலவாகாமல் இருந்தால் அது இன்னும் மோசம். 28 நாள் வேலிடிட்டி என்றால் வருடத்துக்கு 13 ரீசார்ஜ். மறந்தால் டாங்கிள் டவரோடு பேசும், நெட் மட்டும் வராது. ப்ரீபெய்ட் சிம்மை 90 நாள் தொடாமலே விட்டு, கணக்கில் 20 ரூபாய்கூட இல்லாவிட்டால், நிறுவனம் இணைப்பையே துண்டிக்க டிராய் விதி இடம் தருகிறது. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று டயர் பஞ்சரான பிறகுதானே எல்லோரும் பார்க்கிறோம்.

எந்த நிறுவனத்தின் சிம் என்பதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃபைபரும் சிம்மும் ஒரே நிறுவனம் என்றால், பக்கத்து டவருக்குப் போகும் கேபிளும் உங்கள் தெருக் கேபிளும் ஒரே பள்ளத்தில் படுத்திருக்கலாம். ஜேசிபி இரண்டையும் ஒரே வாளியில் அள்ளும். வேறு நிறுவனம் வாங்குங்கள். அப்படியும் 2016 டிசம்பர் 12-இல் வர்தா வந்தபோது சென்னையில் மின்சாரம், டவர், கேபிள் எல்லாம் சேர்ந்தே போயின. அதற்கு எந்த டாங்கிளிலும் மருந்து இல்லை. ஆனால் தெரு டிரான்ஸ்பார்மர் வெடிப்பதற்கு இன்வெர்ட்டர் என்ற மருந்து உண்டு. அடுக்கடுக்காக எல்லாம் அமைத்துவிட்டு, லினக்ஸ் பெட்டியின் பிளக்கை மட்டும் இன்வெர்ட்டர் லைன் இல்லாத பாயிண்டில் செருகியிருக்கும் வீடுகள் ஏராளம். கரண்ட் போனதும் ஸ்டெப்னியும் சேர்ந்து படுத்துவிடும்.

சோதனை என்று ஒன்று உண்டு. பலரும் லினக்ஸின் ஒயரைப் பிடுங்கிப் பார்ப்பார்கள். டாங்கிள் உடனே வந்துவிடும், புகைப்படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புவார்கள். அது செல்லாது. பிடுங்க வேண்டியது கம்பெனிப் பெட்டிக்குள் போகும் ஃபைபரை. மெதுவாக, முனையில் விரல் படாமல், லேசர் இருப்பதால் முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்காமல். அதை மாதம் ஒருமுறை, வீட்டில் எல்லோரும் நெட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் செய்யுங்கள். தைரியம் வரவில்லை என்றால் குறைந்தபட்சம் அந்த சிம்மின் ரீசார்ஜ் என்றைக்கு முடிகிறது என்பதையாவது இப்போதே எழுந்து போய்ப் பார்த்துவிடுங்கள்.