சமநிலைக்கு மாதச் சந்தா

செவ்வாயோ வெறுவாயோ என்பார்கள் நம் பெரியவர்கள். அன்றைக்கு நல்ல காரியம் எதையும் தொடங்கமாட்டார்கள். கலிஃபோர்னியாவின் இர்வைன் நகரில் இருக்கும் பிளிசார்ட் நிறுவனத்துக்கு இந்தச் சாஸ்திரம் தெரியாது. ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ இணைய விளையாட்டின் அமெரிக்க சர்வர்களை வாராந்திரப் பராமரிப்புக்காக நிறுத்துவதே செவ்வாய்க்கிழமைதான். சர்வர் திரும்பி வரும்போது பல வாரங்களில் ஓர் அறிக்கையும் கூடவே வரும். போர்வீரனின் வெட்டுக்குச் சில சதவீதம் கூட்டினோம். மந்திரவாதியின் நெருப்புக்குச் சில சதவீதம் குறைத்தோம். எதற்காக? சமநிலைக்காக.

விளையாட்டு வெளிவந்தது 2004 நவம்பரில். இருபது ஆண்டுக்கு மேலாகிவிட்டது. தராசின் முள் இன்னும் நடுவில் நிற்கவில்லை. இருபது ஆண்டாகத் தராசைச் சரிசெய்துகொண்டே இருக்கும் கடைக்காரனை நம் ஊர்ச் சந்தையில் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். இங்கே அவனுக்கு மாதச் சந்தா கட்டுகிறோம்.

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்வோம். வேலை கடினமானதுதான். 1974இல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டு வந்தபோதே இந்தக் கோணல் உள்ளே இருந்தது. முதல் படியில், அதாவது லெவலில், மந்திரவாதிக்கு நாளுக்கு ஒரே மந்திரம். அதைச் சொல்லி முடித்தால் போர்வீரன் முதுகுக்குப் பின்னால் ஒளியவேண்டியதுதான். இருபது படி ஏறிய பிறகு அதே மந்திரவாதி உலகத்தையே புரட்டுவான். போர்வீரன் அப்போதும் வெட்டிக்கொண்டிருப்பான், கொஞ்சம் பலமாக. படி ஏற ஏற வீரனுக்கு எண் வளர்கிறது, மந்திரவாதிக்கு வித்தை வளர்கிறது. எதிரியை உறையவைப்பான். ஆடாக மாற்றுவான். இருந்த இடத்திலிருந்து மறைந்து தள்ளிப்போய் நிற்பான். வீரனோ எதிரியின் பக்கத்தில் போய்ச் சேர்ந்தால்தான் வாளையே வீசமுடியும்.

மேசையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஆடியபோது இது ஒரு கடன் கணக்கு. முதலில் நீ அடி வாங்கு, பிறகு நான் வாங்குகிறேன். இணையத்தில் அந்தக் கணக்கு செல்லாது. அங்கே எல்லோரும் கடைசிப் படிக்கு ஓடிப்போய் ஆண்டுக்கணக்கில் அங்கேயே குடியிருக்கிறார்கள். அடித்தளமே பொருந்தாத வீட்டுக்கு வாரம் ஒரு தடவை சுண்ணாம்பு அடித்தால் எப்படி நிமிரும்?

இணைய முன்னோடிகளின் லட்சணமும் இதுதான். 1999இல் வந்த ‘எவர்குவெஸ்ட்’ மந்திரவாதியின் பலத்துக்கு ஒரு விலை வைத்தது. சக்தி திரும்பவேண்டுமானால் தரையில் உட்கார்ந்து மந்திரப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். திரை முழுக்கப் புத்தகம். முப்பத்தைந்தாம் படி வரைக்கும் இந்தத் தண்டனை. பொழுதுபோக்குக்குக் காசு கட்டியவன் வீட்டுப்பாடம் செய்தான். வாளும் மந்திரமும் கலந்த பாலடின், ரேஞ்சர் போன்றோருக்கு அனுபவப் புள்ளியில் 40 சதவீத அபராதம். அவர்களைக் குழுவில் சேர்த்தவர்களும் அதில் பங்கு சுமந்தார்கள். வரி போடுவதில் நம் ஆட்சியாளர்கள்தான் கெட்டிக்காரர்கள் என்று நினைத்திருந்தோம்.

வார்கிராஃப்டுக்கு வருவோம். முதல் பெரிய ரெய்டு ‘மோல்ட்டன் கோர்’. நாற்பது பேர் சேர்ந்து இறங்கவேண்டிய எரிமலைக் குகை. உள்ளே இருக்கும் எதிரிகளோ நெருப்பிலேயே பிறந்தவர்கள். நெருப்பு மந்திரம் பயின்றவனுக்கு அங்கே வேலையில்லை. சாபம் போடுவதே தொழிலான வார்லாக்கின் கதை இன்னும் மோசம். ஒரு எதிரி மீது ஒரே நேரத்தில் எட்டுச் சாபம்தான் நிற்கும் என்று விதி; பிறகு மனமிரங்கிப் பதினாறு ஆக்கினார்கள். நாற்பது பேருக்குப் பதினாறு! இடம் இல்லை, உன் சாபத்தை நிறுத்து என்று அவனுக்குச் சக வீரர்களே உத்தரவிட்டார்கள். சமையல்காரனை வேலைக்கு வைத்துக்கொண்டு அடுப்பைத் தொடாதே என்பதற்குப் பெயர் வடிவமைப்பு.

2008இல் ஒரு மகத்தான தீர்வு வந்தது. வாளா மந்திரமா என்ற சண்டைக்கு முடிவாக இரண்டும் தெரிந்த ‘டெத் நைட்’டை இறக்கினார்கள். மற்றவர்கள் ஒன்றாம் படியிலிருந்து தவழ்ந்து வர, அவன் ஐம்பத்தைந்தாம் படியில் பிறந்தான். வந்ததும் எல்லோரையும் துவைத்து எடுத்தான். பிறகு பேட்சுக்கு மேல் பேட்சாக அவனை நெர்ஃப் செய்தார்கள்; அதாவது பலத்தைக் குறைத்தார்கள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்றால் இதுதான். கிள்ளுவதற்கு முன், அவன் வந்த விரிவாக்கத் தொகுப்பை விற்றாகிவிட்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதே ஆண்டு விளையாட்டின் மனித இனத்துக்கு ஒரு வரம் கொடுத்தார்கள். உறையவைத்தாலும் மயக்கினாலும் ஒரு பட்டனில் விடுபட முடிந்தது. மற்ற இனத்தார் அதற்காக அப்போது அணியவேண்டியிருந்த பதக்கம் இவர்களுக்குத் தேவைப்படவில்லை. அந்த இடத்தில் வேறொரு ஆயுதபலம் சேர்த்துக்கொள்ள முடிந்தது. அரீனா என்ற போட்டிக் களத்தில் ஒருவரோடொருவர் மோதுகிறவர்கள் மனிதராக மாறத் துடித்தார்கள். 2009இல் அதற்கும் வழி பிறந்தது. இனம் மாற 25 டாலர். எதிர் அணியிலிருந்து கட்சி தாவ 30 டாலர். தற்செயல்தான். நம்புவோம். நம்பித்தானே பழக்கம்!

இதைவிட வயிறு எரிவது 2020இல். நான்கு அணிகளில் ஒன்றைத் தேர்ந்தெடு, அந்த அணியின் சக்தி உனக்கு, மாறினால் தண்டம் என்றது ‘ஷேடோலேண்ட்ஸ்’ விரிவாக்கம். ஒவ்வொரு வகை வீரனுக்கும் ஒரு அணிதான் லாயக்காகும், மற்றவை வீணாகும், பூட்டைத் திறந்துவிடுங்கள் என்று சோதனைக் காலத்திலேயே விளையாடுபவர்கள் கத்தினார்கள். தேர்வுக்கு மதிப்பு வேண்டும் என்று பதில் வந்தது. சொன்னபடியே நடந்தது. ஏறத்தாழ ஓர் ஆண்டு கழித்து, 2021 நவம்பரில், பூட்டைத் திறந்தார்கள். அந்த ஓர் ஆண்டுச் சந்தாவைத் திருப்பிக் கேட்காதீர்கள். அதற்கும் மதிப்பு இருந்திருக்கும், அவர்களுக்கு.

கணக்கு வராதபோதெல்லாம் எண்ணையே சுருக்குவது இன்னொரு வித்தை. 120ஆம் படி வரை ஏறியவர்கள் ஒருநாள் உள்ளே வந்து பார்த்தால் 50ஆம் படி. ஏறிய உழைப்பு அப்படியே இருக்கிறதாம், எண் மட்டும்தான் குறைந்ததாம். உழைக்க நேரமில்லையா? அன்றைய கடைசிப் படிக்கே நேராகத் தூக்கிவிட 2014இலேயே 60 டாலருக்குச் சீட்டு விற்றார்கள். போர்வீரனும் மந்திரவாதியும் கட்டிப்புரண்டு சண்டை போடும் உலகத்தில் மிகப் பெரிய வீரன் கடன் அட்டைதான். அவனை மட்டும் யாரும் நெர்ஃப் செய்யவில்லை.

நெர்ஃப் யாருக்கு விழுந்தது? 2019 பிப்ரவரியில், அதுவும் ஒரு செவ்வாய்க்கிழமை, தாய் நிறுவனமான ஆக்டிவிஷன் பிளிசார்ட் முந்தைய ஆண்டில் சாதனை வருவாய் ஈட்டியதாக அறிவித்தது. அதே மூச்சில் ஊழியர்களில் ஏறத்தாழ 8 சதவீதம் பேரை வெளியேற்றியது. 2023இல் மைக்ரோசாஃப்ட் இந்த நிறுவனத்தை ஏறத்தாழ 6,900 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த ஜனவரியில் மைக்ரோசாஃப்டின் விளையாட்டுப் பிரிவிலிருந்து 1,900 பேர் வீட்டுக்குப் போனார்கள். தராசைப் பிடித்திருந்த கைகளையே குறைத்தாயிற்று.

2010இல் சந்தாதாரர்கள் 1.2 கோடி. 2015இல் 55 லட்சம். அதோடு எண்ணிக்கையை வெளியிடுவதையே நிறுத்திவிட்டார்கள். வீரன் வெட்டும் ஒவ்வொரு வெட்டையும் எண்ணத் தெரிந்தவர்களுக்கு இந்த எண் மட்டும் சொல்லக்கூடாததாகிவிட்டது.

நாமோ இன்னும் மந்திரவாதியைத் திட்டிக்கொண்டிருக்கிறோம். அவன் நம்மைத் திட்டுகிறான். அடுத்த தடவை ஏசும் முன் அவனிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: அமெரிக்க சர்வரில் மாதத்துக்கு எவ்வளவு கட்டுகிறாய்? 14.99 டாலர் என்பான். நீங்கள் கட்டுவதும் அதேதான். அந்த விளையாட்டில் இருவருக்கும் சமமாக இருப்பது அது ஒன்றுதான்.