தோல்மேல் எழுத்தும் தரக் கட்டுப்பாடும்: ஓசூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

பச்சை குத்திய சீன, ஜப்பானிய எழுத்துகளில் ஏன் இத்தனை பிழை என்று கேட்டால், குத்துகிறவருக்கு மொழி தெரியாததே காரணம் என்பார்கள். அந்தக் கொள்கை அரைகுறையானது என நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். பிழைக்கு மூலம் குத்துகிறவரும் அல்ல, குத்திக்கொள்கிறவரும் அல்ல; படிக்கிற ஆள் பக்கத்தில் இல்லாமையே. இதை ஆராய ஓசூரைவிடத் தோதான களம் கிடைப்பது அரிது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று புழங்கும் ஊர். சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் இந்தியும் சேர்ந்துகொண்டது. அத்திப்பள்ளி தாண்டி வேலைக்குப் போகிறவர்களில் பலர் கர்நாடக பஸ்ஸின் பலகையைப் படிப்பதில்லை. எழுத்தின் வடிவத்தை அடையாளம் கண்டு ஏறுகிறார்கள். எழுத்தைப் படமாகப் பார்க்கும் இந்தத் தேர்ச்சியால் பஸ்ஸில் ஆபத்தில்லை. தவறி ஏறினால் கண்டக்டர் அடுத்த ஸ்டாப்பில் இறக்கிவிடுவார். பச்சையில் கண்டக்டர் கிடையாது.

பிழைகள் நால்வகைப்படும். முதலாவது திசைப் பிழை: ஸ்டென்சில் தாள் மாறிப்போய், எழுத்து இடம் வலமாகவோ தலைகீழாகவோ நிற்பது. இரண்டாவது அகரவரிசைப் பிழை: ஏ முதல் இஸட் வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு சீன எழுத்தை ஒதுக்கிய போலி அட்டவணையை நம்புவது. சீன எழுத்து பெரும்பாலும் ஓர் அசையையும் பொருளையும் சேர்த்துக் குறிப்பது. அதில் ஏ, பி, சி கிடையாது. அட்டவணைப்படி காதலியின் பெயரைக் குத்தினால் ஒன்றுக்கொன்று ஒட்டாத சில சொற்களே கையில் மிஞ்சும். மூன்றாவது புள்ளிப் பிழை: 'பெரிய' என்பதற்கு மூன்றே கோடு. அதன் வலத் தோளில் ஒரு புள்ளி விழுந்தால் 'நாய்'. கால்களுக்கிடையில் விழுந்தால் 'பருத்த'. நான்காவது கூட்டுப் பிழை: தனித்தனியே சரி, சேர்ந்தால் வேறு. 2019 ஜனவரியில் அமெரிக்கப் பாடகி அரியானா கிராண்டே 'செவன் ரிங்ஸ்' என்ற தம் பாட்டின் பெயரை ஜப்பானிய எழுத்தில் உள்ளங்கையில் குத்திக்கொண்டார். 'ஏழு' சரி, 'வளையம்' சரி. இரண்டும் ஒட்டி நின்றபோது 'ஷிச்சிரின்' ஆயிற்று. அது மீன் சுடும் சிறிய கரியடுப்பு. அவர் உலகறிந்தவர், படிக்கத் தெரிந்தவர்கள் பார்த்தார்கள். பிழை உடனே வெளிப்பட்டது. பார்வைக்கு வராத கைகளில் அடுப்புகள் இன்றும் எரிந்துகொண்டிருக்கலாம்.

எதிர்ச்சான்று வரலாற்றில் உண்டு. பழைய சீனாவில் குற்றவாளியின் முகத்தில் பச்சை குத்துவது ஐந்து தண்டனைகளுள் ஒன்று. எடோ காலத்து ஜப்பானில் சில வட்டாரங்களில் நெற்றியில் மேற்சொன்ன 'நாய்' எழுத்தையே குத்தினார்கள். நம் பக்கமும் பின்தங்கவில்லை: வங்காள, சென்னை மாகாணங்களில் ஆயுள் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைப் பொறிக்கும் வழக்கம் இருந்து, 1849இல்தான் ஒழிந்தது. அந்த எழுத்தெல்லாம் ஊரார் படிப்பதற்கென்றே குத்தியது. 'பெரிய' என்று எழுதப்போய்த் தவறுதலாக 'நாய்' ஆன கதை அங்கே நடக்க வழியில்லை. தண்டனையாகக் குத்தியவன் காட்டிய கவனத்தைக் காசு கொடுத்துக் குத்திக்கொள்கிறவர் கேட்டு வாங்குவதில்லை.

யாருக்கும் படிக்கத் தெரியாத ஊரில் பிழை எப்படிப் பிழையாகும், அழகு போதாதா என்று ஒரு தரப்பார் கேட்கலாம். அழகுதான் நோக்கமென்றால், 'என்ன எழுதியிருக்கு?' என்று கேட்டவுடன் 'வீரம்' என்று நெஞ்சை நிமிர்த்துவானேன்? பொருள் கோருகிறவர் பொருட்பிழைக்கும் பொறுப்பாளி. மேலும், படிக்கத் தெரிந்தவர்கள் இந்த வட்டாரத்துக்கு அந்நியர் அல்லர். ஓசூரில் டிவிஎஸ் 1980களிலேயே ஜப்பானின் சுசூகியுடன் கைகோத்தது. கிருஷ்ணகிரியில் தைவானின் டெல்டா நிறுவனம் தொழிற்சாலை நடத்துகிறது. வீரம் என்று நம்பிய கரியடுப்பை ஷிப்டில் வந்து நிற்கும் விருந்தினர் ஒருவர் சத்தமாகப் படித்துவிடும் வாய்ப்பு இங்கே மற்ற ஊர்களைவிட அதிகம். பாட்டிமார் கையில் தமிழ்ப் பெயரே பிழையாக இருந்ததே என்பது இன்னொரு தரப்பு. உண்மைதான், ஆனால் அந்தப் பாட்டியின் பெயர் ஊருக்கே தெரியும். விடுபட்ட புள்ளியை ஊரே மனத்தில் வைத்துப் படித்துக்கொண்டது.

தீர்வும் ஓசூரிலேயே இருக்கிறது. டிவிஎஸ் மோட்டார் 2002இல் தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. செய்ரி, செய்டன், செய்சோ, செய்கெட்சு, ஷிட்சுகே என்று ஜப்பானியப் பணியிட ஒழுங்குமுறையான 5எஸ்ஸை ஒப்பிக்கத் தெரிந்த தொழிலாளர்கள் இங்கே நிறைய. முதல் பீஸ் ஓகே ஆகாமல் மெஷினை ஓட்டாத ஊர், ரீவொர்க் மிகக் கடினமான தோலில் மட்டும் இன்ஸ்பெக்‌ஷனே இல்லாமல் உற்பத்தியைத் தொடங்குவது முரண். எனவே பரிந்துரை இதுதான்: ஸ்டென்சில் நிலையிலேயே, மொழி அறிந்த, கடைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம், பொருளைச் சொல்லாமல் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். அவர் சிரித்தால் ரிஜெக்ட். அப்படி ஆள் கிடைக்காதவர்கள் கோலம் குத்திக்கொள்ளலாம். அதில் புள்ளி இடம் மாறினாலும் நாய் வராது.