நிலைகொள்ளாத நிலை

கதவுநிலை நேராக நிற்கிறதா என்று அறிய மூன்று சோதனைகள் உண்டு. தூக்குக்குண்டு கால்களின் செங்குத்தைக் காட்டும். ரசமட்டம் தலைக்கட்டையின் கிடையைக் காட்டும். மூலைக்கு மூலை பிடித்த இரண்டு அளவும் ஒன்றானால் நிலை கோணவில்லை. பலாங்கொடைத் தோட்டப்பக்கம் நான்காவது சோதனையும் வழக்கிலுண்டு: தச்சுவேலை பாஸ் ஒற்றைக்கண்ணை மூடிப் பார்த்து, வெற்றிலையைத் துப்பிவிட்டு, "சரிதான்" என்பது.

பிணைச்சல் அடிக்கும் கால் சாய்ந்திருந்தால் கதவு விட்ட இடத்தில் நிற்காது. சாய்வுக்கேற்பத் தானே திறக்கும், அல்லது தானே சாத்திக்கொள்ளும். விருந்தாளியை வரவேற்கவும் வழியனுப்பவும் தனியாக ஆள் தேவையில்லை. இரு கால்களும் எதிரெதிர்ப் பக்கம் சாய்ந்தாலோ, மேல்மூலை நிலையில் முட்டும்போது கீழ்மூலை வெளியே நிற்கும். அந்தச் சந்துக்கு உரச்சாக்கு.

அடுத்தது மழை. ஈரம் குடித்த பலகை அகலவாக்கில் ஊதும், நீளவாக்கில் அநேகமாக அசையாது. ஐப்பசியில் இறுகிய கதவைச் சீவுளி போட்டு இழைப்பார்கள். மாசி வெயிலில் அதே கதவின் ஓரமாக அடுத்த வீட்டு அடுப்பு தெரியும்.

ஜன்னலுக்கு இவ்வளவு தொல்லையில்லை. வெள்ளைக்காரர் காலத்துத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அறை. பலவற்றில் ஜன்னலே வைக்கவில்லை. ஆகவே அது கோணலாகவும் இல்லை.