பிளசர்

சனிக்கிழமை, விடிய இன்னும் அரை மணி நேரம் இருந்தது. கோவில்பட்டியில் கழுகுமலை ரோட்டோரம் ஒரு டீக்கடை முன்னால் 14 கார்கள் வரிசை கட்டி நின்றன. பெங்களூரு, சென்னை, கோவை என்று வேலைக்குப் போன எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஒன்றுகூடி வைத்திருக்கும் கார் குழு. வாய்ப்பு அமைகிற வாரக்கடைசியில் குடும்பத்தோடு ஒரு திசையைப் பிடித்துக் கிளம்பிவிடுவார்கள். இந்த முறை சங்கரன்கோவில் வட்டாரம். முதல் காரை ஓட்டியவன் என் அக்கா மகன். "நம்ம சீமைய நீங்களே காட்டுங்க மாமா" என்று என்னைக் கூப்பிட்டு முன்சீட்டில் உட்கார வைத்தான்.

கிளம்புமுன் எல்லோரையும் நிறுத்தி விதிகளைச் சொன்னான். யாரும் முன்வண்டியைத் தாண்டக் கூடாது. புதிதாக ஓட்டக் கற்றவர்கள் முன்வண்டிக்கு அடுத்து வர வேண்டும். நன்றாக ஓட்டத் தெரிந்தவர் கடைசியில் வர வேண்டும். பின்னால் வருகிற கார் கண்ணாடியில் தெரியாவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஆளுக்கொரு வாக்கிடாக்கி கொடுத்தான். எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. 1974-ல் இதே விதிகளை என் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். அன்று நின்றவை மாட்டு வண்டிகள்.

கார் என்ற சொல் எங்கள் ஊரில் அப்போது புழக்கத்தில் இல்லை. அதற்குப் பேர் பிளசர். இன்பத்துக்காக ஓட்டுகிற வாகனம் என்று வெள்ளைக்காரன் காலத்தில் வந்த ‘பிளஷர் கார்’ கிராமத்து வாயில் தேய்ந்து பிளசர் ஆயிற்று. ஆனால் எங்கள் ஊருக்குள் பிளசர் இன்பத்துக்காக ஒரு நாளும் வந்ததில்லை. கல்யாணத்துக்கு வரும், துட்டிக்கு வரும், ஓட்டுக் கேட்க வரும். இவை மூன்றும் இல்லாமல் வந்தால் யாருக்கோ உயிர் ஊசலாடுகிறது என்று பொருள்.

அப்படி ஒரு ராத்திரி என் அக்காவுக்காக வந்தது. 1979, ஐப்பசி அடைமழை. கரிசல் மண் நனைந்தால் காலை வைத்த இடத்தில் பிடித்துக்கொள்ளும். வண்டிச் சக்கரமும் அப்படித்தான். அக்காவுக்கு இடுப்பு வலி கண்டு விட்டது. கழுகுமலைக்கு ஆள் ஓடி, ஒரு அம்பாசிடரைக் கூட்டி வந்தார். ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர் இருக்கிற வண்டி. மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் 1957-லிருந்து 2014 வரை செய்த அந்த அம்பாசிடர்தான் எங்கள் தலைமுறைக்குத் தெரிந்த ஒரே பிளசர். தார் ரோடு வரைக்கும் ஊரே சேர்ந்து அதைத் தள்ளியது. ஆண்கள் பின்னால் தள்ள, பெண்கள் டயருக்கு அடியில் பருத்திமாரை அள்ளிப் போட்டார்கள். நான் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடினேன். விடியுமுன் கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் பிறந்தவன்தான் இன்று 14 கார்களுக்கு முன்வண்டி ஓட்டுகிறவன்.

ஊரே சேர்ந்து சந்தோஷமாகப் போன பயணம் வேறு. அது ஆடித் தபசு.

சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள். சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று அவர்களுக்குள் வழக்கு. இருவரும் ஒருவரே என்று உலகுக்குக் காட்டச் சொல்லிக் கோமதி அம்மன் தவம் இருந்தாள். ஆடி மாதம் உத்திராட நட்சத்திரத்தன்று சங்கரநாராயணராகப் பாதிக்குப் பாதி உருவில் சுவாமி காட்சி கொடுத்தார். இதுதான் தல வரலாறு. அந்த நாளுக்காகக் கரிசல் காடு முழுக்க மாடு பூட்டும். எங்கள் ஊரிலிருந்து மட்டும் 11 வண்டிகள்.

முந்தின நாள் பொழுது சாயக் கிளம்பினால் 30 கிலோமீட்டர் போய்ச் சேர விடிந்துவிடும். மத்தியானமே தாத்தா சக்கரத்தைக் கழற்றி அச்சுக்கு மை போடுவார். வைக்கோல் கரியை எண்ணெயில் குழைத்த அந்த வண்டி மையை ஒற்றை விரலில் வழித்து, குழந்தைக்குக் கண்மை தீட்டுகிற மாதிரி சுற்றித் தடவுவார். சக்கரத்தை மாட்டிக் கடையாணியைச் செருகி, அதன் தலையில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டுவார். பிறகு வைக்கோலைப் பரப்பி மேலே ஜமுக்காளம் விரித்து, புளியோதரைத் தூக்கும் எள்ளுத் துவையலும் உள்ளே ஏறும். வண்டிக்கு அடியில் அரிக்கேன் தொங்கும்.

எல்லாம் பூட்டி நின்றதும் தாத்தா சொல்வார்: "கெழட்டு மாடு பூட்டின வண்டி முன்னால. எளங்காளை எல்லாம் கடைசி. எவனும் முந்தப்படாது." இளங்காளை முன்னால் போனால் ஓட்டம் பிடித்துவிடும், கிழட்டு மாடு நுரை தள்ளி விழும் என்பது அவர் கணக்கு. அதனால் 11 வண்டியும் கிழட்டு மாட்டின் நடையில்தான் போகும். நடுராத்திரிக்கு மேல் ஓட்டுகிறவர்களே தூங்கிவிடுவார்கள். முன்மாட்டின் சலங்கைச் சத்தத்தைக் கேட்டே பின்மாடுகள் நடக்கும். வைக்கோல் மெத்தையில் மல்லாந்து கிடந்தால், கூண்டு வாய்க்குள் அடங்குகிற அளவுக்கு வானமும் கூடவே வரும்.

ஒரு வருஷம் கழுகுமலை தாண்டிக் கடைசி வண்டியின் கடையாணி கழன்று விழுந்துவிட்டது. நல்ல வேளையாகச் சக்கரம் ஓடுமுன் பார்த்துவிட்டார்கள். 11 வண்டியும் நின்றது, மாடுகளை அவிழ்த்துவிட்டார்கள். ஒரு மணி நேரம் விளக்கைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு வந்த வழியில் தேடியும் ஆணி கிடைக்கவில்லை. வேலமரத்துக் கட்டை ஒன்றைச் சீவித் தாத்தா செருகினார். அதற்குள் பெண்கள் தூக்குச் சட்டியைத் திறந்துவிட்டார்கள். அந்த நட்டநடுக் காட்டில், வளர்பிறை நிலா வெளிச்சத்தில் தின்ற புளியோதரைக்கு ஈடாக இன்றுவரை நான் ஒன்றும் தின்றதில்லை.

சங்கரன்கோவிலுக்குள் நுழையுமுன் ஒன்பது நிலை ராஜகோபுரம் தெரியும். ‘தாயே கோமதி’ என்று வண்டிக்கு வண்டி குரல் எழும்பும். சாயங்காலம் காட்சி கொடுக்கிற நேரத்தில் சம்சாரிகள் தங்கள் வெள்ளாமையைச் சூறை விடுவார்கள். பருத்தி, மிளகாய் வத்தல், கம்பு, சோளம் எல்லாம் வானத்தில் பறக்கும். அப்பா என்னைத் தோளில் தூக்கி வைத்து என் கையிலும் பருத்தியைத் திணிப்பார். திரும்புகையில் ஒரு உருண்டைப் புற்றுமண், வீட்டுக்கும் தொழுவத்துக்கும்.

இன்று கோவில்பட்டியிலிருந்து கழுகுமலைக்கு அரை மணி நேரத்தில் வந்துவிட்டோம். மலையில் ஏறி, ஒரே பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் குடைந்து எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் செதுக்கிய வெட்டுவான் கோயிலைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். அடிப்பகுதி முடிக்கப்படாமல் அப்படியே நிற்கிறது. மாட்டு வண்டியில் போன காலத்தில் இந்த மலையைத் தூங்கியபடியே கடந்திருக்கிறோம். கார் வந்ததால் எனக்குக் கிடைத்த கொடை இது. அதை மறைக்க மாட்டேன்.

சங்கரன்கோவிலில் சாமி கும்பிட்டு, அங்கிருந்து பஞ்சபூதத் தலங்களைச் சுற்றுவதாகத் திட்டம். சங்கரன்கோவில் நிலம், கரிவலம்வந்தநல்லூர் நெருப்பு, தாருகாபுரம் நீர், தென்மலை காற்று, தேவதானம் ஆகாயம். ஐந்தும் பக்கம் பக்கமாக இருப்பதால் சிவராத்திரியன்று ஒரே நாளில் ஐந்தையும் தரிசிக்கிறவர்கள் உண்டு. பாதை அருமை, ஊர்கள் அருமை. ஆனால் ஏதோ குறைந்தது. 14 காரிலும் கண்ணாடி ஏற்றியிருந்தது. ஆனி மாதக் காற்று வெளியே பனைகளைப் போட்டு ஆட்டியது. உள்ளே ஒரு இலை அசையவில்லை. பின்சீட்டுப் பிள்ளைகள் போனில் இருந்தார்கள். ஒன்றாகப் போகிறோம், ஆனால் காருக்குக் கார் தனித்தனியாகப் போகிறோம் என்று தோன்றியது.

கூட்டமாகக் கார் ஓட்டுவதன் தொடக்கமே வேகத்தைக் கொண்டாடத்தான். இங்கிலாந்தில் மோட்டார் வண்டி மணிக்கு 4 மைலுக்கு மேல் போகக் கூடாது, முன்னால் ஒரு ஆள் நடக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. 1896-ல் புதுச் சட்டம் வேகத்தை 14 மைல் வரை அனுமதித்தது. அது நடைமுறைக்கு வந்த நவம்பர் 14 அன்று லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு மோட்டார்காரர்கள் கூட்டமாகக் கிளம்பினார்கள். இன்றும் அதன் நினைவாகப் பழைய கார்கள் அந்த வழியில் போகின்றன. முன்னால் நடந்த அந்த ஆளை நினைத்துக்கொண்டேன். அரிக்கேனோடு ஓடிய என் கால்களும் ஞாபகம் வந்தன.

தென்மலைக்குப் போகிற வழியில் வாக்கிடாக்கி கரகரத்தது. கடைசி காருக்கு டயர் பஞ்சர். "நீங்க போங்க, ஸ்டெப்னி மாத்திட்டு வந்துடறோம்" என்றது குரல். அக்கா மகன் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "எல்லாரும் ஓரங்கட்டுங்க" என்றான்.

14 காரும் நின்றது. கண்ணாடிகள் இறங்கின. மேற்கே மலைத்தொடர் நீலமாக நின்றது. காற்று அடித்த அடியில் பிள்ளைகள் கத்திக்கொண்டு இறங்கினார்கள். யாரோ ஜாக்கி வைத்தார்கள், யாரோ நட்டைக் கழற்றினார்கள். யாரோ வீட்டில் கட்டிய புளியோதரையைப் பிரித்தார்கள். வாசனை என் மூக்கில் ஏறியது. இதுவரை ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாத குடும்பங்கள் ஒரே தட்டில் கை வைத்தன. பையன் ஒருவன் கழற்றிய நட்டுகளைச் சட்டையில் ஏந்தி, ஒன்று குறையாமல் எண்ணிக்கொண்டிருந்தான்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு ஆச்சி கம்பை ஊன்றிக்கொண்டு கிட்டே வந்தார். வரிசையை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தார்.

"என்னய்யா, இத்தன பிளசரு நிக்கி? கல்யாணமா, துட்டியா?"

எத்தனை வருஷம் கழித்து அந்தச் சொல்லைக் கேட்கிறேன்! அக்கா மகன் என்னைப் பார்த்தான். அவனுக்கு அந்தச் சொல் தெரியாது.

"ரெண்டும் இல்ல ஆச்சி. எல்லாரும் சேந்து சும்மா நம்ம ஊரப் பாக்க வந்தோம்."

"சும்மா பாக்கவா?" ஆச்சி முகம் மலர்ந்தது. "அப்ப அவசரப்படாமப் பாருங்க."

டயர் மாட்டி முடிந்தது. கடைசி நட்டை முறுக்கிவிட்டு அக்கா மகன் அதை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினான். அவன் பிறக்குமுன்பே தாத்தா போய்ச் சேர்ந்துவிட்டார். யார் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்?

அங்கிருந்து தென்மலை வரை யாரும் கண்ணாடியை ஏற்றவில்லை. காற்றுக்கான தலத்துக்குக் காற்று வாங்கிக்கொண்டே போனோம்.